ரிமோர்ஸ்: திரும்பத் திரும்பக் கடிக்கிற வார்த்தை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு எதுக்குப்பா இவ்வளவு பெரிய பக்கம்?

நான் சப்டைட்டில் எழுதிப் பொழைக்கிறவன். இங்கிலீஷ் படம், சீரியல்னு வரும், பேசுறத தமிழ்ல ரெண்டு வரிக்குள்ள அடக்கிக் குடுக்கணும். ஒரு தடவ கோர்ட் சீன் ஒண்ணு வந்துச்சு, கொலை பண்ணவன் கூண்டுல நிக்கிறான், ஜட்ஜ் அவனப் பாத்து "இத்தனை நாள் விசாரணையில உன்கிட்ட துளி ரிமோர்ஸ் கூட நான் பாக்கல"ன்னு சொல்றார். நான் ரொம்ப யோசிக்காம 'பச்சாதாபம்'னு தட்டிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன். அப்புறம் தூத்துக்குடிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப ஆச்சி பக்கத்துல உக்காந்து அதே சீன டிவியில பாக்க வேண்டியதாப் போச்சு. ஆச்சி கண்ணாடிய மூக்குல ஏத்திவிட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு, "ஏல, கொன்னவன் எதுக்குல பச்சாதாபப்படணும், பச்சாதாபம் இருந்தா கொன்னுருப்பானா"ன்னு கேட்டாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா ஆச்சிக்கு பச்சாதாபம்னா இரக்கம், அவ்வளவுதான். நான் அகராதிய நம்பி எழுதினேன், ஆச்சி ஊர் பேச்ச நம்பிப் படிச்சாங்க. அன்னைலருந்து இந்த வார்த்தைய நோண்ட ஆரம்பிச்சேன், கூட வேலை பாக்குறவங்க கேட்ட கேள்வியெல்லாம் சேந்து இப்படி நீண்டு போச்சு.

சரி, ரிமோர்ஸ்னா என்ன, ஒரே வரியில சொல்லு.

நாம ஒரு தப்பு பண்ணி, அது இன்னொருத்தர பாதிச்சு, அது நம்ம தப்புதான்னு நமக்கே தெரிஞ்சு, அதனால உள்ளுக்குள்ள விடாம வலிக்குது பாருங்க, அது. நாலு விஷயமும் இருக்கணும். வெறும் வருத்தம்னா வேற, பயம்னா வேற, மாட்டிக்கிட்டோமேங்கிற எரிச்சல்னா அது சுத்தமா வேற.

இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?

லத்தீன்லருந்து. அங்க 'மோர்தேரே'ன்னா கடிக்கிறது, முன்னாடி 'ரெ' சேத்தா 'ரெமோர்தேரே', திரும்பக் கடிக்கிறது. அதுலருந்து 'ரெமோர்சுஸ்', அது பழைய பிரெஞ்சுல 'ரெமோர்ஸ்', 14ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலீஷுக்குள்ள வந்து சேந்துடுச்சு. ஆரம்பத்துல தனியா வராது, 'மனசாட்சியின் ரிமோர்ஸ்'னு முழுசா சொல்லுவாங்க, அதாவது மனசாட்சி கடிச்ச கடி. லத்தீன்லயே சர்ச்சுக்காரங்க அப்படித்தான் எழுதிக்கிட்டிருந்தாங்க, அதோட நேர் நகல். போகப் போக மனசாட்சிங்கிற பாதி உதிந்துபோச்சு, கடி மட்டும் மிஞ்சுச்சு, அதுவும் இப்போ கடின்னு இங்கிலீஷ் பேசுறவங்களுக்கே தெரியாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஸ்பானிஷ்ல இது 'ரெமோர்திமியென்தோ', அவங்க ஊர்ல கடிக்கிறதுக்கு இன்னைக்கும் 'மோர்தேர்'னுதான் சொல்றாங்க, அதனால சின்னப் பையனுக்குக் கூட அந்த வார்த்தைக்குள்ள பல்லு தெரியும். இத்தாலியன்ல 'ரிமோர்ஸோ', பிரெஞ்சுல 'ரெமோர்', அங்கயும் அப்படியே. ஜெர்மன்காரங்க இன்னும் பச்சையா சொல்றாங்க, 'கெவிஸ்ஸன்ஸ்பிஸ்ஸ'ன்னு, மனசாட்சிக் கடிகள்னு அர்த்தம், பன்மையில, ஏதோ கொசு கடிச்ச மாதிரி. இங்கிலீஷ்ல மட்டும்தான் கடிக்கிறதுக்கு 'பைட்'னு வேற குடும்பத்து வார்த்தை இருக்குறதால ரிமோர்ஸ்ல இருக்குற பல்லு யாரு கண்ணுக்கும் படாம போயிடுச்சு.

'ரெ'ன்னா மறுபடியுமா, பதிலுக்கா?

ரெண்டும்தான். லத்தீன்ல அந்த முன்னொட்டுக்கு 'மீண்டும்'ங்கிற அர்த்தமும் உண்டு, 'திருப்பி'ங்கிற அர்த்தமும் உண்டு. நீ ஒருத்தன கடிச்ச, அந்தக் கடி திரும்பி வந்து உன்னையே கடிக்குது. இல்லன்னா ராத்திரி படுத்தா கடிக்குது, காலையில பல்லு வெளக்கும்போது கடிக்குது, மூணு வருஷம் கழிச்சு பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்திருக்கும்போது சம்பந்தமே இல்லாம வந்து கடிக்குது. எனக்கு ரெண்டாவதுதான் உண்மையா படுது, ஆனா அது என் சொந்த அனுபவம், இலக்கணம் இல்ல.

மனசு தன்னையே கடிக்குதுன்னு முதல்ல யாரு சொன்னது?

முதல் ஆளு யாருன்னெல்லாம் அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா கிமு முதல் நூற்றாண்டுல ரோம்ல வாழ்ந்த லுக்ரீஷியஸ்ங்கிற கவிஞர்கிட்ட அது இருக்கு. காதல் போதையில சொத்தையெல்லாம் கரைச்சுக்கிட்டிருக்குற ஒருத்தன வர்ணிக்கிறார், விருந்து, பூமாலை, வாசனைன்னு எல்லாம் இருக்கும்போதே அவனுக்கு நடுவுல ஒரு கசப்பு வருதாம், ஏன்னா சோம்பிக் கெடந்து வாழ்க்கை வீணாப் போகுதேன்னு அவன் மனசு, தனக்கே எல்லாம் தெரிஞ்ச மனசு, தன்னைத் தானே கடிச்சுக்குது. அங்க அவர் போட்ட வினைச்சொல் இதே ரெமோர்தேரேதான். சர்ச்சுக்காரங்க பாவம் புண்ணியம்னு இந்த வார்த்தையப் புடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே.

இதப் படிச்சப்ப எனக்கு டக்குன்னு குறள்தான் ஞாபகம் வந்துச்சு, 293: 'தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்.' வாக்கியத்தோட எலும்புக்கூடு ஒண்ணுதான் பாருங்க, தனக்கே தெரிஞ்ச நெஞ்சு, தன்னையே ஏதோ பண்ணுது. அங்க கடிக்குது, இங்க சுடுது. ஒருத்தர் இன்னொருத்தர படிச்சிருப்பாருன்னெல்லாம் நான் சொல்ல வரல, அப்படி ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு தயவுசெஞ்சு கெளப்பி விட்டுடாதீங்க.

லத்தீன் வர்றதுக்கு முன்னாடி இங்கிலீஷ்காரனுக்கு இந்த உணர்ச்சியே இல்லையா?

இருந்துச்சே, 'ரூ'ன்னு ஒரு வார்த்தை, வருந்துறதுன்னு அர்த்தம். பழைய இங்கிலீஷ்ல 'ஹ்ரேயோவன்', ஜெர்மன்ல இன்னைக்கும் 'ரோய'ன்னு இருக்கு. இங்கிலீஷ்ல அது ஏறக்குறைய மியூசியத்துக்குப் போயாச்சு, 'அந்த நாள நெனச்சு நீ ரூ பண்ணுவ'ன்னு வில்லன் மிரட்டுற மாதிரி வசனத்துல மட்டும்தான் நான் பாக்குறேன். ஆனா அதோட பிள்ளை ஒண்ணு நல்லா வாழுது, 'ரூத்லெஸ்'. 'ரூத்'னா இரக்கம், அது இல்லாதவன் ரூத்லெஸ். ரூத்னு தனியா இப்போ யாரும் சொல்றதில்ல. பைபிள்ல வர்ற ரூத் வேற, அது எபிரேய பேரு.

இன்னொரு 'ரூ'வும் உண்டு, செடி. நம்ம ஊர்ல சதாப்பு இலை, அருவதான்னு சொல்ற, கைக்குழந்தைக்கு மருந்துக்கு எடுப்பாங்களே அந்த வகை, ஒரு மாதிரி காட்டமான வாசனை வரும். அந்தப் பேரு கிரேக்கத்துலருந்து லத்தீன் வழியா வந்தது, வருத்தத்துக்கும் அதுக்கும் பிறப்புல சம்பந்தம் கிடையாது, ஆனா உச்சரிப்பு ஒண்ணா இருக்கறதால இங்கிலீஷ் கவிஞருங்க ரெண்டையும் முடிச்சுப் போட்டு வெளயாடிட்டாங்க. ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்துல புத்தி கலங்கின ஒஃபீலியா எல்லாருக்கும் பூவும் தழையும் குடுக்கும்போது இந்த ரூவையும் குடுக்குறது அந்த சிலேடைக்குத்தான்.

யாரோ ஒரு துறவி 'திரும்பக் கடி'ன்னு அப்படியே மொழிபெயர்த்தாராமே?

இத சொல்லத்தான் காத்துக்கிட்டிருந்தேன். கேன்டர்பரியில புனித அகஸ்டின் மடத்துல டான் மைக்கேல்னு ஒரு துறவி, நார்த்கேட்காரர். அவர் 1340ல ஒரு பிரெஞ்சுப் புத்தகத்த தன் ஊர் பேச்சுல மொழிபெயர்த்து முடிச்சார். பிரெஞ்சு மூலம் 1279ல ஃப்ரேர் லாரன்ங்கிற துறவி பிரான்ஸ் ராஜா மூணாம் பிலிப்புக்காக எழுதினது, பாவம் எது நல்ல குணம் எதுன்னு சொல்லிக்குடுக்குற புத்தகம். டான் மைக்கேல் அதுக்கு வெச்ச தலைப்பு 'அயென்பைட் ஆஃப் இன்விட்'. 'அயென்'னா மறுபடி, 'பைட்' கடி, 'இன்விட்'னா உள்ளறிவு, அதாவது மனசாட்சி. லத்தீன் வார்த்தைய ஸ்க்ரூ கழட்டி, ஒவ்வொரு பாகத்துக்கும் உள்ளூர் பாகம் போட்டு மறுபடி மாட்டியிருக்கார். கம்ப்யூட்டருக்கு நம்மாளுங்க கணினின்னு உக்காந்து செஞ்சாங்களே, அந்த மாதிரி தச்சு வேலை.

புத்தகத்துலயே சொல்றார், இது படிக்காத ஜனங்களுக்காக கென்ட் ஊரு இங்கிலீஷ்ல எழுதினது, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மத்த சொந்தக்காரங்களுக்கும், அவங்கள பாவத்துலருந்து காப்பாத்தன்னு. 'ஃபாதர'யே 'வாதர்'னுதான் எழுதியிருக்கார், அவங்க ஊர்ல அப்படித்தான் வாயில வந்திருக்கு. அவர் கைப்படவே எழுதின பிரதி இன்னைக்கும் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. மொழிபெயர்ப்பு மோசம்னு அறிஞர்கள் பலரும் சொல்றாங்க, பிரெஞ்சு பல எடத்துல அவருக்கு சரியா புரியல. ஆனா எந்த ஆளு, எந்த ஊரு, எந்த வருஷம்னு மூணும் தெளிவா தெரியுறதால பழைய கென்ட் பேச்ச ஆராயறவங்களுக்கு அது பொக்கிஷமா ஆயிடுச்சு. தப்பா மொழிபெயர்த்தாலும் தேதி போட்டு வைக்கணும்னு நான் கத்துக்கிட்டேன்.

அந்த தலைப்பு வார்த்தை புழக்கத்துக்கு வந்துச்சா?

வரல. ஜனங்க பிரெஞ்சு வழியா வந்த ரிமோர்ஸயே எடுத்துக்கிட்டாங்க. அவரு யாருக்காக எழுதினாரோ அந்த அப்பா அம்மா மட்டும் பேசியிருப்பாங்களோ என்னவோ. ஆறு நூற்றாண்டு கிட்டத்தட்ட தூங்கிட்டு 1922ல ஜேம்ஸ் ஜாய்ஸோட யுலிஸிஸ் நாவல்ல எழுந்து வருது. அதுல ஸ்டீஃபன்னு ஒரு இளைஞன், சாகக் கெடக்குற அம்மா மண்டிபோட்டு ஜெபம் பண்ணுடான்னு கேட்டும் நம்பிக்கை இல்லன்னு மறுத்துட்டான், அம்மா போய்ச் சேந்துட்டாங்க. அதுக்கப்புறம் அவன் தலைக்குள்ள இந்தப் பழைய வார்த்தை வந்து வந்து போகுது. ரிமோர்ஸ்னு சாதாரணமா போட்டிருந்தா படிக்கிறவன் தாண்டிப் போயிருப்பான், 'அஜென்பைட்'னு (அயென்பைட்ட ஜாய்ஸ் அப்படித்தான் எழுதினார்) போட்டதும் பல்லு தெரியுது. வார்த்தை தேஞ்சு போனா மறுபடி சாணை பிடிக்கிறது இப்படித்தான் போல.

ஷேக்ஸ்பியர் காலத்துல ரிமோர்ஸுக்கு அர்த்தமே வேறயாமே?

ஆமா, இரக்கம்! 16ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல ரிமோர்ஸ்னா பரிதாபம், மனசு இளகுறதுங்கிற அர்த்தமும் சேந்தே ஓடிக்கிட்டிருந்துச்சு. வெனிஸ் வர்த்தகன் நாடகத்துல கோர்ட் சீன்ல ஊர ஆளுற டியூக், கடனுக்கு ஈடா ஒருத்தன் சதைய அறுத்துக் கேக்குற ஷைலாக்க பாத்து கடைசி நேரத்துல நீ கருணையும் ரிமோர்ஸும் காட்டுவன்னு எல்லாரும் நெனைக்கிறோம்ங்கிறார். ஷைலாக் இன்னும் கத்தியே வைக்கல, செஞ்ச தப்புக்கு வருந்துறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல, அதனால அங்க ரிமோர்ஸ்னா சுத்தமா இரக்கம்தான். இப்போ தனியா அந்த அர்த்தம் போயிடுச்சு, ஆனா 'ரிமோர்ஸ்லெஸ்'ல ஒட்டிக்கிட்டிருக்கு. ரிமோர்ஸ்லெஸ் வெயில், ரிமோர்ஸ்லெஸ் மழைன்னு எழுதுறாங்களே, வெயிலுக்கு என்ன குற்ற உணர்ச்சி, ஈவு இரக்கமில்லாத வெயில்னு அர்த்தம்.

இத படிச்சப்பதான் ஆச்சி கேட்டது எனக்கு மண்டையில இறங்குச்சு. நம்ம பச்சாதாபம் என்ன? வடமொழியில 'பஸ்சாத்'னா அப்புறம், 'தாபம்'னா சூடு. அப்புறமா சுடுறது. செஞ்சு முடிச்சப்புறம் உள்ளுக்குள்ள வர்ற சூடு, அச்சு அசல் ரிமோர்ஸ். ஆனா தமிழ்ல ஜனங்க வாயில அது 'ஐயோ பாவம்'னு இரக்கப்படுறதா மாறிடுச்சு. அங்க கடி இரக்கமாச்சு, இங்க சூடு இரக்கமாச்சு. அவங்க திரும்பி பழைய அர்த்தத்துக்கே வந்துட்டாங்க, நாம வரல. நான் அகராதியில இருக்குற பழைய அர்த்தத்துல எழுதினேன், ஆச்சி 2 தலைமுறையா புழங்குற அர்த்தத்துல படிச்சாங்க, தப்பு சத்தியமா என்னுதுதான்.

ஏன் இப்படி மாறுது? என் ஊகம், உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க: அடுத்தவன் வலி நமக்குள்ள உறைக்கிறதுதான் ரெண்டுலயும் நடக்குது. அந்த வலிக்கு நாமதான் காரணம்னா ஒரு பேரு, இல்லன்னா இன்னொரு பேரு. உணர்ச்சி உள்ள பண்ற வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால வார்த்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வழுக்குது.

தாபம்னு முடியுற வேற வார்த்தையெல்லாம்?

எல்லாமே வழுக்கிடுச்சுங்க, அதான் சோகம். 'அனுதாபம்' வடமொழியில செஞ்சதுக்குப் பின்னாடி வருந்துறது, தமிழ்ல அது அனுதாப அலைன்னு எலெக்‌ஷன் வார்த்தை ஆயிடுச்சு. 'மனஸ்தாபம்' மனசோட சூடு, இப்போ ரெண்டு சம்பந்தி வீட்டுக்குள்ள பத்திரிகையில பேரு போடாததுக்கு வர்ற சண்டை. 'கழிவிரக்கம்'னு நல்ல தமிழ் ஒண்ணு இருக்கு, கழிஞ்சு போனதுக்கு இரங்குறது, அதையும் இப்போ எழுதுறவங்க தன்மேலயே பரிதாபப்பட்டுக்குறதுன்னு திருப்பிட்டாங்க. கழிவிரக்கத்துல மூழ்கிக் கெடக்கான்னு எழுதினா, தான் செஞ்ச தப்ப நெனச்சு வருந்துறான்னு யாரும் படிக்க மாட்டாங்க, தன்னையே நெனச்சு அழுவுறான்னுதான் படிப்பாங்க.

ஆனா மனஸ்தாபத்துக்கு பழைய அர்த்தம் ஒரு எடத்துல பத்திரமா இருக்கு. கத்தோலிக்க வீட்டுல வளந்தவங்களுக்குத் தெரியும், 'உத்தம மனஸ்தாபம்'னு ஒரு ஜெபம். பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியார்கிட்ட பாவத்த ஒத்துக்கிறதுக்கு, போறதுக்கு முன்னாடி மனப்பாடமா ஒப்பிக்கணும், எனக்கு 8 வயசுல நடுவுல ஒரு வரி எப்பவும் மறந்துடும், ஆச்சி முழங்கால்ல லேசா தட்டி எடுத்துக்குடுப்பாங்க. அந்த மனஸ்தாபம் சண்டை இல்ல, பாவத்துக்கு மனம் வருந்துறது. அந்த வயசுல நான் கடவுளுக்கும் எனக்கும் ஏதோ மனஸ்தாபம் போலன்னுதான் நெனச்சிருந்தேன்.

இங்கிலீஷ்ல அந்த ஜெபத்துக்கு 'கன்ட்ரிஷன்'னு சொல்றாங்களே, அதுவும் ரிமோர்ஸும் ஒண்ணா?

பக்கத்து வீடு. கன்ட்ரிஷன் லத்தீன்ல அரைக்கிறதுங்கிற வினையிலருந்து வருது, அம்மியில வெச்சு நல்லா நசுக்கின மாதிரி மனசு பொடியாகிறது. தேஞ்சுபோன பழைய ஜோக்க 'ட்ரைட்'னு சொல்றாங்களே அதுவும் இதே வேர். சர்ச்சுல ரெண்டா பிரிச்சாங்க: கடவுள் மேல இருக்குற அன்பால மனசு நொறுங்குனா கன்ட்ரிஷன், நரகத்துக்குப் பயந்து வருந்துனா 'அட்ரிஷன்', பாதி அரைபட்ட மாதிரி. 1551ல கத்தோலிக்க ஆயர்கள் கூடின ட்ரென்ட் பொதுச்சங்கத்துல உக்காந்து இத பேசியிருக்காங்க, பயத்துல வர்றதுக்கு எவ்வளவு மதிப்புன்னு. 'உத்தம'ங்கிற அடைமொழி சும்மா அழகுக்கு இல்ல, பயத்துல வர்றது இல்லன்னு பிரிச்சுக் காட்டத்தான்.

அப்புறம் 'கம்பங்ஷன்', அதுவும் மனசு உறுத்தல்தான், வேர் அர்த்தம் குத்துறது. பஞ்சர் கடை பஞ்சரும் அதுவும் ஒரே வேர். ஆக கடிக்குது, அரைக்குது, குத்துது. எவனும் இத மூளையில வர்ற நினைப்புன்னு சொல்லல, எல்லாரும் உடம்புலதான் வெச்சிருக்காங்க. நம்மளும் அப்படித்தான், உறுத்துது, அரிக்குது, சுடுது, நெஞ்சுல முள்ளு மாதிரி குத்துது.

ரிக்ரெட்டுக்கும் ரிமோர்ஸுக்கும் என்னதான் வித்தியாசம்?

ரிக்ரெட்ல உன் தப்பு இருக்கணும்னு அவசியம் இல்ல. பழைய பிரெஞ்சுல அது செத்தவங்கள நெனச்சு ஒப்பாரி வைக்கிறது, அழுகைக்கான ஏதோ ஒரு ஜெர்மானிய வேர்லருந்து வந்திருக்கும்னு பலரும் சொல்றாங்க, இன்னும் முடிவாகல. ஸ்காட்லாந்து பேச்சுல 'க்ரீட்'னா இன்னைக்கும் அழுறது. அதனால ரிக்ரெட்டோட அடியில இழப்பு இருக்கு, ரிமோர்ஸோட அடியில குற்றம் இருக்கு.

நேரா சொல்றேன். அப்பாவோட பழைய ஸ்கூட்டர வித்துட்டேன், இப்போ இருந்தா நல்லாருக்குமேன்னு தோணுது, அது ரிக்ரெட். அந்த ஸ்கூட்டர்ல பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சே வாங்குறவன்கிட்ட சொல்லாம வித்தேன், அவன் ஒரு வாரத்துல விழுந்து கை உடைஞ்சுச்சு, அந்தக் கட்டு போட்ட கையோட டீக்கடையில என்னப் பாத்து 'நல்லாருக்கீங்களா அண்ணே'ன்னு சிரிச்சான். அது ரிமோர்ஸ். (ஆமா, நடந்ததுதான். போய்ச் சொல்லிட்டேன், பிரேக் காச திருப்பிக் குடுத்தேன், அவன் வாங்கிக்கிட்டான், சிரிக்கிறத மட்டும் நிறுத்திட்டான்.)

அதனாலதான் கம்பெனி லெட்டர்ல 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ'ன்னு வேலை இல்லன்னு சொல்லும்போது அவங்களுக்கு ஒண்ணும் கடிக்கிறதில்ல. அங்க ரிமோர்ஸ்னு போட மாட்டாங்க, போட்டா கேஸ் போடலாம்.

கில்ட்?

கில்ட்ங்கிறது தப்பு பண்ணவன்ங்கிற நிலைமை, ரிமோர்ஸ் அதனால வர்ற வலி. கோர்ட் ஒருத்தன கில்ட்டின்னு சொல்லிடலாம், ரிமோர்ஸ் இருக்குன்னு அவனுக்கு உத்தரவு போட முடியாது. கில்ட்டோட வேர் என்னன்னு இன்னும் யாருக்கும் பிடிபடல, கடன்ங்கிற வார்த்தையோட கட்டிப் பாத்தாங்க, நிக்கல. ஆனா ஜெர்மன்ல 'ஷுல்ட்'னா கடனும்தான் குற்றமும்தான்.

நாம நாள் பூரா சொல்ற 'சாரி' எந்த ஊர் வார்த்தை?

அது சுத்த இங்கிலீஷ், பழைய இங்கிலீஷ்ல 'சாரிக்', 'சார்'னா வலி, புண்ணு. 'சோர் த்ரோட்'னு டாக்டர் சொல்றாரே அந்த சோர்தான். அதனால சாரின்னா எனக்கு வலிக்குதுன்னு அர்த்தம். 'சாரோ'ங்கிற துக்கத்துக்கும் இதுக்கும் சொந்தம் கிடையாது, கேக்க ஒண்ணா இருக்கு, காலப்போக்குல ஒண்ணு இன்னொண்ண இழுத்துக்கிச்சு, அவ்வளவுதான். பஸ்ஸுல கால மிதிச்சிட்டு நாம சொல்ற சாரியில மிதிபட்டவனுக்குத்தான் வலி, சொல்றவனுக்கு என்ன வலிக்குது?

'அபாலஜி' இன்னும் தமாஷ். கிரேக்கத்துல அது கோர்ட்டுல எதிர்த்து வாதாடுறது. கிமு 399ல சாக்ரடீஸ் விசாரணையில பேசினத அபாலஜின்னுதான் சொல்றாங்க, அதுல அவர் ஒரு எடத்துலயும் மன்னிப்பு கேக்கல, தண்டனைக்குப் பதிலா எனக்கு ஊர் செலவுல சாப்பாடு போடணும்னு கேட்டார்.

'ரிபென்ட்'னு பைபிள்ல வருதே?

அது லத்தீன்ல வருத்தப்படுறதுங்கிற பொருள்ல வர்றது, 'பெனன்ஸ்'லாம் அந்தக் குடும்பம். ஆனா கிரேக்க மூலத்துல இருக்கறது 'மெத்தனோயா', மனச மாத்திக்கிறது. லத்தீன்ல மொழிபெயர்க்கும்போது அது வருத்தம், பரிகாரம்னு போயிடுச்சு, 1517ல லூத்தர்ங்கிற ஜெர்மன் துறவி வெளியிட்ட 95 கருத்துல முதல் ரெண்டு கருத்துமே இந்த வார்த்தையப் பத்தித்தான், சடங்கு இல்ல, வாழ்நாள் பூராவும் மனந்திரும்புறதுதான்னு. நம்ம தமிழ் பைபிள்ல 'மனந்திரும்புங்கள்'னு இருக்கு பாருங்க, அது கிரேக்கத்துக்கு இங்கிலீஷ விட ரொம்ப பக்கத்துல நிக்குது. அத எழுதின ஆளுக்கு ஒரு கும்பிடு.

மோர்ஸ் கோடுக்கும் ரிமோர்ஸுக்கும் சம்பந்தம் உண்டா?

கிடையாது, அந்த தந்திக் குறியீட்டுக்கு வெச்சது சாமுவேல் மோர்ஸ்ங்கிற ஆளோட பேரு. ஆனா 'மோர்சல்'னா ஒரு கடி, ஒரு வாய், அது சொந்தம்தான். இன்னொரு சொந்தக்காரன் எதிர்பாக்காத எடத்துல இருக்கான்: துணிக்கு சாயம் ஏத்தும்போது சாயம் நூல்ல பிடிச்சு நிக்க படிகாரம் மாதிரி ஒண்ணு போடுவாங்க, அதுக்கு இங்கிலீஷ்ல 'மோர்டன்ட்', கடிக்கிறது. சோழமண்டலக் கரையில சாயவேர வெச்சு செவப்பு ஏத்துன காலத்துல படிகாரம் இல்லன்னா அந்த செவப்பு நிக்காது, படிகாரம் போட்டா எத்தனை தண்ணி பாத்தாலும் போகாது. ரிமோர்ஸும் அப்படித்தான்னு ஒரு பஞ்ச் வைக்கலாம்னு கை துறுதுறுங்குது, வேணாம் விடுங்க.

'பையர்ஸ் ரிமோர்ஸ்'னு சொல்றாங்களே, பொருள் வாங்கினது குற்றமா?

குற்றம் இல்ல, கண்டிப்பா பாத்தா அத ரிக்ரெட்னுதான் சொல்லணும். ஆனா இஎம்ஐல பெருசா ஒண்ண எடுத்துட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு கணக்குப் போடும்போது கடிக்கத்தான் செய்யுது, அதனால வார்த்தை ஒட்டிக்கிச்சு. அமெரிக்காவுல வீட்டுக்கே வந்து தலையில கட்டுற வியாபாரத்துக்கு 3 வேலை நாளைக்குள்ள திருப்பிக்கலாம்னு 1970கள்ல விதி கொண்டுவந்தாங்க. இங்க இன்சூரன்ஸ் பாலிசிக்கு ஃப்ரீ லுக்னு ஒண்ணு இருக்கு, 2024லருந்து 30 நாள், புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம். பாலிசி எடுத்தவங்க முக்கால்வாசிப் பேரு பேப்பரையே பிரிச்சுப் பாக்குறதில்லங்கிறது வேற கதை.

கோர்ட்டுல நிஜமாவே ரிமோர்ஸுக்கு மதிப்பு இருக்கா?

இங்கிலாந்துல தண்டனை முடிவு பண்ற வழிகாட்டுதல்ல தண்டனைய குறைக்கிற காரணங்கள்ல ஒண்ணா ரிமோர்ஸ் இருக்கு. ராபர்ட் ஹேர்ங்கிற கனடா உளவியலாளர் சைக்கோபாத் யாருன்னு பாக்க ஒரு பட்டியல் போட்டார், அதுலயும் ரிமோர்ஸ் இல்லாம இருக்கிறது ஒரு அடையாளம். சிக்கல் என்னன்னா முகத்துல பாத்துக் கண்டுபிடிக்கணும். அழத் தெரிஞ்சவனுக்கு லாபம், அழ வராதவனுக்கு நஷ்டம். எங்க தெருவுல ஒருத்தர் பெத்த அம்மா சாவுலயே அழல, கல்லு மாதிரி நின்னாரு, அவரு மனசுல என்ன கடிச்சுதோ யாருக்குத் தெரியும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

ரிமோர்ஸுக்குப் பன்மை போடாதீங்க. வினைச்சொல்லாவும் இப்போ வராது, ஆபீஸ் மெயில்ல 'ஐ ரிமோர்ஸ் ஃபார் தி டிலே'ன்னு ஒருத்தர் அனுப்பினத நானே பாத்திருக்கேன், லேட்டா அனுப்பின எக்செல் ஷீட்டுக்கு அவ்வளவு பெரிய வார்த்தை தேவையில்ல, சாரி போதும். சொல்லும்போது அழுத்தம் 'மோ'ல.

கடைசியில சப்டைட்டில்ல என்ன போட்டீங்க?

அந்த ஃபைல் கைய விட்டுப் போயாச்சு, அது அப்படியேதான் ஓடிக்கிட்டிருக்கு. குற்ற உணர்ச்சின்னு போட்டிருக்கலாம்னு சொல்றவங்க உண்டு, அது கில்ட்டுக்குத்தான் சரி, தவிர யாரு வாயிலயும் வராத, புத்தகத்துக்குன்னே செஞ்ச வார்த்தை. வருத்தம்னா சப்புன்னு போயிடும். அடுத்த சீசன்ல அதே ஜட்ஜ் வேற ஒருத்தன பாத்து அதே வார்த்தைய விட்டார். நான் பேரே தேடல, வினையா போட்டேன்: 'செஞ்சது ஒரு நாள்கூட உன்ன உறுத்தலையா?' உறுத்தல்ங்கிறது கண்ணுல மணல் விழுந்தா பண்ணுதே அதான், கடியும் இல்ல சூடும் இல்ல, ஆனா எடுக்குற வரைக்கும் விடாது.

பொங்கலுக்குப் போனப்ப ஆச்சி முன்னாடியே அந்த எபிசோட போட்டுவிட்டேன். கண்ணாடிய ஏத்திவிட்டுப் படிச்சாங்க. ஒண்ணும் கேக்கல, வெத்தலைப் பெட்டிய எடுக்கச் சொன்னாங்க.